நான்காமவர்

திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் 'மருந்து'. அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் உண்டென்று கணக்குச் சொல்கிறார். நோயுற்றவர் ஒருவர், நோயைத் தீர்க்கும் மருத்துவர் ஒருவர், மூன்றாவது மருந்து, நான்காமவர், அம்மருந்தைப் பக்கத்தில் நின்று அளிப்பவர். இந்த நான்காமவருக்கு அவர் இட்ட பெயர் 'உழைச்செல்வான்'. உழை என்றால் பக்கம்.

முதல் மூவரை நாம் நன்கு அறிவோம். நோயுற்றவர் நம் வீட்டிலேயே இருக்கிறார். நல்ல மருத்துவர் என்று கேள்விப்பட்டால் ஊர் விட்டு ஊர் போகிறோம். மருந்தின் விலையைப் பற்றிப் பேசாத நாளில்லை. நான்காமவரின் முகத்தை மட்டும் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து ஒரு கை நீள்கிறது, சீட்டை வாங்குகிறது, மாத்திரை அட்டைகளை உறையிலிட்டுத் தருகிறது. சீராக்கின் ஞான நூல் தன் 38-ஆம் அதிகாரத்தில் மருத்துவரை மதிக்கச் சொல்லும் அதே இடத்தில் மருந்து கலப்பவரையும் மறவாமல் குறிப்பிடுகிறது. பழைய நூல்கள் மறவாதவரை நாம் எளிதாக மறந்துவிடுகிறோம்.

எங்கள் வீட்டில் இந்த நான்காமவரைப் பற்றிய பேச்சு 2025-ஆம் ஆண்டு நவம்பரில் மூன்று வாரம் ஓயாமல் நடந்தது. எங்கள் மகளுக்கு ஒரு மிஷன் மருத்துவமனையிலிருந்து மருந்தாளுநர் பணிக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்திருந்தது. அவள் பட்டயப் படிப்பு முடித்தவள். இரண்டாண்டு வகுப்பு, அதற்குமேல் 500 மணி நேரம் செய்முறைப் பயிற்சி. தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பெயரைப் பதிந்து சான்றிதழும் கைக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கல்விக்கடனின் தவணை மாதந்தோறும் தவறாமல் வந்துகொண்டிருந்தது, வேலைதான் வரவில்லை. சில இடங்களில் முன்னனுபவம் கேட்டார்கள். வேறு சில இடங்களில் அவள் வேண்டியதில்லை, அவளது சான்றிதழ் மட்டும் போதும் என்றார்கள். இந்த இரண்டாவது வகையைப் பற்றிப் பின்னர் சொல்வோம்.

முதல் வாரம் சட்டத்தில் கழிந்தது. சாப்பாட்டு மேசைக்கு ஒரு பக்கம் மகள், மறுபக்கம் தேர்வாளர்களாக நாங்கள் இருவரும். அவள் எழுதித் தந்த கேள்விகளையே நாங்கள் அவளிடம் கேட்டோம். பார்மசி சட்டம் எந்த ஆண்டு? 1948. அதன் 42-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? மருத்துவர் எழுதித் தந்த சீட்டுக்குப் பதிவுபெற்ற மருந்தாளுநர் அல்லாத எவரும் மருந்து கலந்தோ எடுத்தோ கொடுக்கலாகாது. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப்பொருட்கள் சட்டத்தின் கீழ் 1945-இல் வந்த விதிகளில் 65-ஆவது விதி? சில்லறையாக விற்கும் சீட்டு மருந்து, பதிவுபெற்ற மருந்தாளுநரின் கையாலோ அவரது நேரடி மேற்பார்வையிலோதான் போக வேண்டும். எச்-1 அட்டவணை? 2013-இல் அறிவித்து 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. வீரியமிக்க நுண்ணுயிர்க்கொல்லிகள் சிலவும், காசநோய் மருந்துகளும் அதில் அடங்கும். எழுதிய மருத்துவர் யார், நோயாளி யார், என்ன மருந்து, எத்தனை என்று தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். எக்ஸ் அட்டவணை? சீட்டு இரு படிகளாக வர வேண்டும். ஒரு படி கடையிலேயே இரண்டாண்டு இருக்க வேண்டும்.

கேட்கக் கேட்க எங்களுக்கு ஒன்று புலப்பட்டது. இந்தச் சட்டங்களும் விதிகளும் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: மருந்து கை மாறும்போது அங்கே யார் நின்றார்?

சட்டத்துக்கு அடுத்து மொழி. சீட்டில் மருத்துவர்கள் எழுதும் சுருக்கெழுத்துகள் பல இலத்தீன் என்று மகள் சொன்னபோது வீட்டிலுள்ள ஆச்சிக்கு ஒரே மகிழ்ச்சி. சிறுவயதில் திருப்பலியை இலத்தீனில் கேட்டு வளர்ந்தவர் அவர். பி.டி. என்றால் 'பிஸ் டியே', நாளுக்கு இருமுறை. டி.டி.எஸ். என்றால் நாளுக்கு மும்முறை. எச்.எஸ். என்றால் 'ஹோரா சோம்னி', உறங்கும் வேளையில். எஸ்.ஓ.எஸ். என்றால் 'சி ஓபுஸ் சித்', தேவைப்பட்டால் மட்டும். பீடத்தை விட்டுப் போன மொழி மருந்துச் சீட்டில் இன்னும் இருக்கிறதே என்று ஆச்சி வியந்தார். வியப்புக்குரியதுதான்; கூடவே ஆபத்தும் இருக்கிறது. அவசரமாக எழுதிய ஓர் எழுத்தைத் தவறாகப் படித்தால் உறங்கும் வேளைக்குரிய மாத்திரை நாளுக்கு மூன்றாகிவிடும். மருந்தின் பெயர்களிலும் இதே இடர் உண்டு. அமெரிக்காவில் 'லோசெக்' என்ற வயிற்றுப்புண் மருந்தும் 'லாசிக்ஸ்' என்ற நீர் பிரிக்கும் மருந்தும் பெயரால் குழம்பியதால், 1990-இல் முதலாவதின் பெயரையே 'பிரைலோசெக்' என்று மாற்றினார்கள்.

இரண்டாவது வாரம் கணக்கு. பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். பாராசிட்டமால் ஒரு கிலோ எடைக்கு 15 மில்லி கிராம் வீதம் என்றால் ஒரு வேளைக்கு 180 மில்லி கிராம். இதுவரை எளிது. ஆனால் கடையில் ஒரே மருந்து மூன்று விதமாக இருக்கிறது. 5 மில்லி லிட்டரில் 120 மில்லி கிராம் உள்ள சிரப் என்றால் ஏழரை மில்லி லிட்டர் கொடுக்க வேண்டும். 5 மில்லி லிட்டரில் 250 மில்லி கிராம் உள்ளதென்றால் 3.6 மில்லி லிட்டர். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரே மில்லி லிட்டரில் 100 மில்லி கிராம் இருக்கும், அதில் 1.8 மில்லி லிட்டர் போதும். தாய் வீட்டில் "ஒரு மூடி கொடுத்தேன்" என்று சொல்லும் சொல்லுக்குள் இந்த மூன்று கணக்கும் மறைந்திருக்கின்றன. புட்டி மாறினால் அளவு மாறும் என்பதை அந்தத் தாயிடம் சொல்ல வேண்டியவர் மருந்தைக் கையில் கொடுப்பவரே.

அந்நாட்களில் குழந்தைகளின் இருமல் மருந்தைப் பற்றி யாரும் பேசாமல் இருக்க முடியவில்லை. மத்தியப் பிரதேசத்தில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து இறந்த துயரம் அவ்வாண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் வெளிப்பட்டிருந்தது. அம்மருந்து நம் தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் கலந்திருந்தது. அதே நச்சுப்பொருள் 1937-இல் அமெரிக்காவில் ஒரு மருந்தில் சேர்ந்து நூறு பேருக்கு மேல் உயிரிழந்தனர் என்று மகளின் பாடநூலிலேயே இருக்கிறது. தயாரிப்பில் நேர்ந்த குற்றத்தைக் கடையில் நிற்பவர் கண்ணால் கண்டுபிடிக்க இயலாது. ஆயினும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருமல், சளி சிரப் கொடுக்கலாகாது என்று மத்திய அரசு அக்டோபரில் அறிவுறுத்தியது. அதைத் தாய்க்கு எடுத்துச் சொல்லவும், மருத்துவரிடம் திருப்பி அனுப்பவும் கடையில் நிற்பவரால் இயலும். "தேர்வில் இதைக் கேட்பார்களா?" என்று நாங்கள் கேட்டோம். "கேட்காவிட்டாலும் தெரிந்திருக்க வேண்டும், அப்பா" என்றாள் மகள்.

நோயாளிக்கு மருந்தை விளக்கிச் சொல்வதும் மருந்தாளுநரின் கடமை என்று 2015-இல் வந்த பார்மசி பணி ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. இந்தப் பகுதிக்கு ஆச்சியே தேர்வாளர். நாங்கள் தாளைப் பார்த்துக் கேட்ட கேள்விகளைவிட அவர் தம் மருந்துப் பெட்டியைத் திறந்து வைத்துக் கேட்டவையே கடினமாக இருந்தன.

"தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடச் சொல்கிறாய். நான் விடியற்காலைத் திருப்பலிக்குப் போகிறவள். மாத்திரை போட்டால் நற்கருணை வாங்கலாமா?"

மகள் சற்று யோசித்துச் சொன்னாள்: "தண்ணீரும் மருந்தும் நற்கருணை உபவாசத்தை முறிப்பதில்லை, ஆச்சி. எழுந்தவுடன் தண்ணீரில் மாத்திரையைப் போட்டுவிட்டுக் கோவிலுக்குப் போங்கள். பூசை முடிந்து வந்து காப்பி குடியுங்கள். மாத்திரைக்கும் அந்த இடைவெளிதான் வேண்டும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை மட்டும் மதியத்துக்குத் தள்ளிவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் நாலு மணி நேரமாவது இருக்கட்டும்."

எந்தப் பாடநூலிலும் இந்த விடை இப்படி எழுதியிருக்காது. பாடநூல் மருந்தை அறியும்; ஆச்சி விடியலில் எழுந்து எங்கே போகிறார் என்பதைப் பக்கத்திலிருப்பவரே அறிவார்.

இப்படி ஆயத்தம் நடந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு மாலை எங்களூர் மருந்துக் கடைக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவரைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்கள் மூழ்கிக் கிடந்தபோது எங்கள் தெருவிலும் மின்சாரம் இல்லை, வழியும் இல்லை. ஆச்சியின் இன்சுலின் தீர்ந்துபோன இரவில் இடுப்பளவு நீரில் நடந்து வந்து, பாலித்தீன் பையில் சுற்றிய புட்டியைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றவர் அவர். அன்றிரவு வள்ளுவர் சொன்ன நான்காமவர் அவரே. அதை இன்றும் நன்றியோடு நினைக்கிறோம்.

அவர் காப்பி குடித்துக்கொண்டே செய்தியைச் சொன்னார். "அண்ணாச்சி, நம் கடைச் சான்றிதழ்காரர் வேறு ஊருக்குப் போகிறார். பிள்ளையின் சான்றிதழைத் தந்தால் நல்லது. பிள்ளை கடைக்கு வரவே வேண்டாம். ஆய்வாளர் வருகிற நாளில் மட்டும் சொல்லி அனுப்புகிறேன். ஒரு மணி நேரம் நின்றால் போதும். பணம் மாதம் முதல் தேதி வீடு தேடி வந்துவிடும்."

அவர் சொன்ன தொகை கல்விக்கடனின் தவணைக்கு ஏறக்குறையச் சரியாக இருந்தது. அறையில் சிறிது நேரம் பேச்சில்லை. "பிள்ளையின் சான்றிதழ், பிள்ளையையே கேளுங்கள்" என்றோம்.

மகள் கேட்டாள்: "மாமா, நான் இல்லாத நேரத்தில் வருகிற சீட்டில் ஒரு தப்பு இருந்தால் யார் பார்ப்பார்கள்?"

"பையன்கள் பத்து வருஷமாக நிற்கிறார்கள், பாப்பா. அவர்களுக்குத் தெரியாத மருந்தா?"

"அப்படியென்றால் என் பெயர் எதற்கு, மாமா?"

அவர் சிரித்தார். அவள் விடவில்லை. "எனக்கு உங்கள் கடையிலேயே வேலை கொடுங்கள். காலையிலிருந்து இரவு கடை அடைக்கிறவரை நிற்கிறேன். சான்றிதழும் அங்கேயே இருக்கட்டும்." அவர் தலையசைத்தார். முழுச் சம்பளம் கட்டுப்படியாகாது என்றார். அதுவும் பொய்யில்லை. பக்கத்திலேயே நான்கு கடைகள். விலையைக் குறைத்துக் கேட்கும் கூட்டம். அந்த இலாபத்தில் ஒருவருக்கு முழு ஊதியம் என்பது சிறு கடைக்குப் பாரமே. அவர் கோபமின்றி விடைபெற்றார். "தேர்வு முடிந்ததும் சொல்லம்மா" என்று சொல்லிப் போனார். மகள் அன்றிரவே தொலைபேசியில் மறுத்துவிட்டாள். தேர்வின் முடிவு எதுவானாலும் விடை ஒன்றே, ஆதலால் அவரைக் காத்திருக்க வைப்பது முறையன்று என்றாள்.

சான்றிதழை வாடகைக்கு விடும் இவ்வழக்கம் நாட்டில் புதிதன்று. கேட்பவர் கொடியவரும் அல்லர். கொடுப்பவர் பெரும்பாலும் கடனுள்ளவர். பணம் கை மாறும். எவர் கண்ணுக்கும் காயம் தெரியாது. ஆனால் 65-ஆவது விதி கேட்கும் அந்த ஆள் இடத்தில் இல்லை. வெள்ள இரவில் எங்கள் வாசலில் ஓர் ஆள் நின்றார். அந்த ஆளே, கடையில் நிற்க வேண்டியவருக்குப் பதில் சட்டமிட்ட ஒரு தாள் போதும் என்று எங்களிடம் வந்து கேட்டது எங்களை நெடுநேரம் உறங்கவிடவில்லை.

மூன்றாவது வாரம் மிகக் கடினமான கேள்விக்கு வந்தோம். 'எட்டு மாதமாக ஏன் வேலையின்றி இருந்தீர்கள்?' உறவினர் ஒருவர் எளிய வழி சொன்னார்: ஏதாவதொரு கடையில் ஆறு மாதம் வேலை பார்த்ததாக அனுபவச் சான்று வாங்கிவிடலாம், தெரிந்த கடைகள் உண்டு. சான்றிதழைப் பொய்யாகத் தொங்கவிட மறுத்தவள் அனுபவத்தைப் பொய்யாக எழுதி வாங்குவாளா? நடந்ததை நடந்தவாறு, எவர் பெயரையும் சொல்லாமல், நான்கு வாக்கியத்தில் சொல்வதென்று முடிவு செய்தோம். அந்த நான்கு வாக்கியங்களையே நாங்கள் மற்ற எல்லாவற்றையும்விட அதிக முறை சொல்லிப் பார்த்தோம். குறை கூறும் தொனி வந்தால் நிறுத்தினோம். தன்னை உயர்த்தும் தொனி வந்தாலும் நிறுத்தினோம்.

தேர்வில் மூவர் இருந்தனர்: நிர்வாகியான அருட்சகோதரி, ஒரு மருத்துவர், தலைமை மருந்தாளுநர். நடந்ததை மகள் வந்து சொல்லக் கேட்டதே எங்களுக்குத் தெரியும். எச்-1 பதிவேட்டைக் கேட்டார்கள். இன்சுலினை எங்கே வைப்பீர்கள் என்றார்கள். 2 முதல் 8 பாகை செல்சியசில், உறைபெட்டியில் வைக்காமல் என்றாள். மின்சாரம் நின்றால்? வெள்ளத்தின்போது மண்பானையில் ஈரத்துணி சுற்றி வைத்ததைச் சொல்லி, அது நாலைந்து நாளைக்கு வழியே தவிர நிரந்தர ஏற்பாடல்ல என்றும் சொன்னாள்.

பிறகு தலைமை மருந்தாளுநர் ஒரு மாதிரிச் சீட்டை நீட்டினார். முடக்குவாத நோயாளி, மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, பக்கத்தில் ஓ.டி., அதாவது நாள்தோறும் ஒன்று. "பகல் ஒரு மணி. வரிசையில் நாற்பது பேர். மருத்துவர் அறுவை அரங்கில். என்ன செய்வீர்கள்?"

மெத்தோட்ரெக்சேட் முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும் தருவது. அதை நாள்தோறும் உண்டால் எலும்பு மச்சை பழுதாகி உயிருக்கே இறுதியாகலாம். மகள் சீட்டை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னாளாம்: "மருந்தைக் கொடுக்க மாட்டேன், ஐயா. நோயாளியை உட்காரச் சொல்லி, டாக்டரிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொல்வேன். அரங்கின் செவிலியர் வழியாகக் கேட்பேன். விடை வருமுன் மற்ற மருந்துகளைத் தரலாம். இதைத் தர மாட்டேன்."

"டாக்டர் கோபப்பட்டால்?" என்றார் அங்கிருந்த மருத்துவர்.

"கோபப்பட்டாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும், டாக்டர். அதற்காகத்தானே அந்த இடத்தில் என்னை நிறுத்துகிறீர்கள்?"

எட்டு மாதக் கேள்வியை அருட்சகோதரி கேட்டார். அந்த நான்கு வாக்கியங்களில் இரண்டுதான் வாயில் வந்ததாம். மூன்றாவதில் குரல் தழுதழுத்து நின்றுவிட்டது. அருட்சகோதரி தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. ஆறு மாதத் தகுதிகாண் பணி, இரவு முறை, ஊதியம் மிகுதியில்லை. தவணை கட்டியபின் பேருந்துச் செலவுக்குப் போதும். இரவு முறை என்றதும் எங்களுக்குக் கவலை. மகளுக்கு அதில் வேறொரு நினைப்பு: இரவில் வருகிற சீட்டுகளை எழுதுபவரும் களைத்திருப்பார், வாங்குபவரும் பதறியிருப்பார், ஒருவராவது விழித்திருக்க வேண்டும் என்றாள்.

எங்களூர்க் கடையில் இன்று வேறொருவரின் சான்றிதழ் தொங்குகிறது. கடைக்காரர் எங்களைக் கண்டால் பழையபடியே ஆச்சியின் நலம் கேட்கிறார். நாங்களும் அன்போடு விடை சொல்கிறோம். சான்றிதழுக்குரியவர் எந்த ஊரில் இருக்கிறாரோ, எவ்வளவு கடனில் இருக்கிறாரோ, அறியோம். அவருக்காகவும் கடைக்காரருக்காகவும் ஆச்சி செபமாலையில் ஒரு மணியை ஒதுக்கியிருக்கிறார்.

வாசகர்களாகிய உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மருந்துக் கடைக்குப் போகும்போது, "மருந்தாளுநர் இருக்கிறாரா?" என்று கேளுங்கள். இருந்தால் அவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்: இது எதற்கு? எவ்வளவு? உணவுக்கு முன்னா, பின்னா? ஏற்கனவே உண்ணும் மருந்தோடு சேருமா? அவர் விடை சொல்லும்வரை காத்திருங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தாலும் பரவாயில்லை. கேட்பவர்கள் பெருகினால், பதில் சொல்ல ஓர் ஆளை நிறுத்தும் கடைகளும் பெருகும். முழுச் சம்பளம் கட்டுப்படியாகாது என்ற அந்த நல்ல மனிதரின் கணக்கும் அன்று மாறலாம்.